அடைக்கும் கையும் குடிக்கும் வாயும்

நீர் குறையும்போது எவருக்கு முதலில் கொடுப்பது, எவருக்கு முதலில் நிறுத்துவது என்பதைப் பொறியியலாளரின் வினா என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். நீர்த்தேக்கத்தின் மட்டம் எத்தனை அடி, குழாயில் அழுத்தம் எவ்வளவு, இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடும் என்றெல்லாம் கணக்கிடப்படுகிறது; அக்கணக்கின்படி ஒருவர் வால்வைத் திருகுகிறார்; நீர் நிற்கிறது. இதிலே அறத்துக்கு என்ன வேலை என்று கேட்பாரும் உளர். ஆனால் கணக்கு எமக்குச் சொல்வது இவ்வளவே: இருப்பது இத்தனை, வேண்டுவது அதனினும் அதிகம். அந்தப் பற்றாக்குறையை எவர் தலையில் சுமத்துவது என்பதைக் கணக்குச் சொல்வதில்லை. அதை மனிதர் தீர்மானிக்கின்றனர். மனிதர் தீர்மானிக்கும் இடத்திலெல்லாம் நீதி, அநீதி என்னும் பேச்சும் எழுந்தே தீரும்.

வரட்சிக் காலத்திலும் நீர் நஞ்சாகும் காலத்திலும் இத்தீர்மானம் எவ்வாறு எடுக்கப்படல் வேண்டும், எவரால் எடுக்கப்படல் வேண்டும் என்பதை ஆராய, கண்டி நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் உதாரணமாகக் கொள்வோம்.

கண்டியைத் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு உதாரணம் காட்டுவது விந்தையாகத் தோன்றலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீற்றர் மழை பெறும் ஊர் அது. மகாவலி கங்கை மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலுமாக அதனை வளைத்து ஓடுகிறது. தெற்கே ஹந்தானை மலைத்தொடர். நகரின் நடுவே வாவி. அதன் வடபால் உடவத்தகலைக் காடு. எனினும் தைமாதம் தொடங்கிப் பங்குனி வரை வானம் பொய்க்கும் ஆண்டுகளிலே, மேட்டுப்புறக் குழாய்கள் வரண்டு, பவுசரின் வரவை நோக்கிப் பெண்கள் தெருவோரத்தில் நிற்பதைக் காண்கிறோம். 2016, 2017ஆம் ஆண்டுகளிலே தீவு முழுவதையும் வாட்டிய வரட்சி, நாற்பது ஆண்டுகளில் காணாத கொடுமை என்று கூறப்பட்டது. ஆற்றங்கரையில் இருப்போரும் தாகத்தால் வருந்துவர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். அதிகாரத்தின் வரிசையிலேயே ஒரு கருத்து உண்டு. ஆனால் வானம் சுரந்த நீரை மனிதன் தேக்கத் தொடங்கிய கணத்திலிருந்து, அது வானத்தின் கொடையாக மட்டும் நிற்பதில்லை. அதிகாரத்தின் கருவியாகவும் ஆகிறது. கண்டி வாவியின் வரலாறே இதற்குச் சான்று. 1807ஆம் ஆண்டிலே, கண்டியின் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன், வயல்நிலத்தை மூழ்கடித்து இவ்வாவியை அமைப்பித்தான். பயிர் விளைக்கவோ குடிநீர் வழங்கவோ தோன்றிய குளம் அன்று அது. குடிகளின் கட்டாய உழைப்பினால் அது வெட்டப்பட்டது. எதிர்த்து நின்றோர் வாவியின் அடித்தளத்திலேயே கழுவேற்றப்பட்டனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அம்மன்னன் நாயக்கர் வழியினன். கண்ணுசாமி என்பது அவனுடைய முதற் பெயர். தென்னகத்தோடு உறவுடைய மன்னன் என்பதனால் அவன் செயலுக்கு நாம் நியாயம் தேட வேண்டியதில்லை. இன்று அவ்வாவியின் அழகை வியக்காதார் இல்லை. வியப்போர், அந்நீரைத் தேக்கியவன் ஒருவன், அதற்காக நிலத்தையும் உழைப்பையும் இழந்தவர் வேறு பலர் என்பதையும் நினைத்தல் வேண்டும்.

1815ஆம் ஆண்டில் மன்னராட்சி போயிற்று. பிரித்தானியர் ஆட்சி வந்தது. மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்காக அழிந்தன. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளையேனும் அழியாது காக்க வேண்டும் என்று தாவரவியல் அறிஞர் ஹூக்கர் 1873ஆம் ஆண்டில் அறிவுரை கூறினார். அதற்குள்ளாகவே கீழ்மலைகள் மொட்டையாகிவிட்டன. பின்னர் கோப்பி நோயுண்டு மடிய, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. காடு என்பது மழைநீரை மண்ணுக்குள் வாங்கி மெல்ல மெல்ல ஓடைக்கு விடும் நீர்த்தேக்கமே என்பதை நகராட்சியினர் காலப்போக்கில் உணர்ந்தனர். நகரை அடுத்துள்ள துனுமடலாவையிலே ஓடைகளை மறித்துச் சிறு நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. ஒரு காலத்தில் தோட்டமாயிருந்த அந்த நீரேந்து பகுதி, மீண்டும் காடாக வளரவிடப்பட்டது. நகரத்தின் தாகம் தீரவேண்டுமாயின் ஒரு மலைச்சரிவிலேனும் இலாபம் பின்வாங்க வேண்டும் என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் எனலாம். அந்தப் பாடம் அச்சரிவோடு நின்றுவிட்டதுதான் குறை.

நகரம் வளர்ந்தது, மலையோடைகள் போதவில்லை. இன்று கண்டி பெரும்பாலும் மகாவலியைக் குடிக்கிறது. கெட்டம்பேயிலே மாநகர சபையின் நீர் நிலையம் இருக்கிறது. அதற்குக் கீழே கட்டுகஸ்தோட்டையிலே, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஆற்றுநீரை எடுத்துச் சுத்திகரித்துச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் அனுப்புகிறது. இங்கேதான் நாம் ஊன்றி நோக்கவேண்டிய ஓர் உண்மை இருக்கிறது. வாவியின் மிகைநீரோடு நகரத்தின் அழுக்கையும் ஏந்திக்கொண்டு செல்லும் மெதஎல என்னும் கால்வாய், நகரின் மேற்குப்புறத்தே மகாவலியில் கலக்கிறது. நகரத்தின் குப்பை பல்லாண்டுகளாக ஆற்றங்கரையை ஒட்டிய கொஹாகொடையிலே மலையாகக் குவிந்து, மழைக்காலத்தில் தன் கசிவை ஆற்றுக்கு விடுகிறது. அண்மை ஆண்டுகளில் யப்பானிய நிதியுதவியோடு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று எழுந்துள்ளது நல்ல செய்தியே. எனினும் நகரின் கழிவு ஆற்றில் சேரும் இடத்துக்குக் கீழேயும் நகரத்தவர் குடிக்கும் நீர் எடுக்கப்படுகிறது என்னும் நிலை மாறவில்லை. உழவர் மொழியில் கூறுவதாயின், கண்டி தனக்குத் தானே தலைமடை. தனக்குத் தானே கடைமடை.

தான் கலக்கிய நீரைத் தானே குடிக்க வேண்டியவன் விரைவில் கலக்காதிருக்கக் கற்றுக்கொள்வான் என்று நாம் எதிர்பார்க்கலாம். அவ்வாறு நிகழவில்லையே, ஏன்? அழுக்கை விடுவதில் எல்லோரும் ஒன்றாய் இருந்தும், அதைக் குடிப்பதில் ஒன்றாய் இல்லாமையே காரணம். வசதியுடையவர் போத்தல் நீரை வாங்குகிறார். வீட்டிலே வடிகட்டும் பொறி வைக்கிறார். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறார். தனியார் பவுசரை வரவழைக்கிறார். பொதுக்குழாயின் நீர் கெட்டாலும் அவர் குடிக்கும் நீர் கெடுவதில்லை. தீர்மானிக்கும் இடங்களில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் இவ்வகையினரே. அடைக்கும் கை ஒன்று, குடிக்கும் வாய் வேறொன்று என்னும் இப்பிளவுதான் நீர் பற்றிய அநீதிகள் பலவற்றுக்கும் வேர் என்பது எமது துணிபு.

இப்பிளவு வரட்சிக் காலத்திலே எவ்வாறு வேலை செய்கிறது என்று பார்ப்போம். நீர் குறைந்தால் அதிகாரிகள் முறைவைத்து நிறுத்துகின்றனர். இன்ன பகுதிக்கு இன்ன நாள், இத்தனை மணி நேரம் என்று அறிவித்தல் வருகிறது. எல்லாப் பகுதிக்கும் ஒரே அளவான நேரம். இதைவிடச் சமத்துவம் உண்டா என்று தோன்றும். ஆனால் சற்றே கணக்கிடுவோம். ஐந்து பேர் வாழும் வீடு ஒன்றின் கூரையில் ஆயிரம் லீற்றர்த் தாங்கி இருக்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்று சிக்கனமாய்ச் செலவிட்டால் அத்தாங்கி நான்கு நாட்களுக்குப் போதும். மூன்று நாள் நீர்வெட்டை அவ்வீட்டார் அறியவே மாட்டார்கள். தாங்கி இல்லாத வீட்டில் அதே ஐந்து பேர் இருக்கின்றனர். அதே 50 லீற்றர் வீதம் அவர்களுக்கு நாளொன்றுக்கு 250 லீற்றர் வேண்டும். இருபது லீற்றர்க் கலன்களில் சுமந்தால் பன்னிரண்டு நடைக்கு மேலாகும். பேரிடர் காலங்களில் மனிதனுக்கு வேண்டிய குறைந்த அளவு என்று நிவாரண அமைப்புகள் ஏற்றுள்ள 15 லீற்றரை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நான்கு நடை. ஒவ்வொரு நடைக்கும் இருபது கிலோச் சுமை. அதுவும் சமதரையில் அல்ல, கண்டியின் படிக்கட்டுகளில்.

இதனோடு நில அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீர்வெட்டு முடிந்து குழாய் திறக்கப்பட்டதும் பள்ளத்தில் உள்ள வீடுகளின் தாங்கிகள் முதலில் நிரம்புகின்றன. அவை நிரம்பி அழுத்தம் ஏறிய பின்னரே மேட்டுக்கு நீர் ஏறும். அதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். நகரத்தின் தெருக்களையும் வடிகால்களையும் தலைமுறை தலைமுறையாகத் துப்புரவு செய்துவரும் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் மஹியாவ போன்ற குடியிருப்புகளில், கூரைமேல் தாங்கி வைக்க இடமேது? சமமான மணி நேரம் சமமான நீர் ஆகாது. நேரத்தைச் சமமாய்ப் பங்கிட்டுவிட்டு நீதி செய்துவிட்டோம் என்று கூறுவது, நாரைக்கும் நரிக்கும் ஒரே தட்டில் விருந்து வைத்த கதையாகும்.

மலையிலே இன்னும் சற்று மேலே செல்வோம். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை ஆகிய இடங்களின் தோட்டங்களிலும் அவற்றுக்கு அப்பாலும் லயங்களில் வாழும் மக்கள் பலருக்கு இன்றும் பீலிதான் நீரூற்று. மலையில் கசியும் ஊற்று நீரைக் குழாயாலோ தகரத்தாலோ வழிப்படுத்திக் கொட்டவிடும் அந்தப் பீலியிலே குளிப்பு, துவைப்பு, குடிநீர் எல்லாம் நடைபெறுகின்றன. வரட்சி வந்தால் பீலி நூலாக மெலிகிறது. குடத்தை வைத்துவிட்டு அது நிரம்பும்வரை பெண்கள் காத்திருக்கின்றனர். பின்பு கொழுந்து மலைக்கு ஓடுகின்றனர். அக்காலங்களில் எமது வகுப்பறைகளுக்குப் பிந்தி வரும் மாணவியரை விசாரித்தால் வரும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றே: “பீலியில கூட்டம், சேர்.” கொத்மலையையும் விக்டோரியாவையும் நிரப்பும் நீர் பிறக்கும் மலைகளிலே இம்மக்கள் வாழ்கின்றனர். நகர்ப்புற நீர்வெட்டின் அட்டவணையில் அவர்கள் பெயர் இல்லை. குழாயே இல்லாதவருக்குக் குழாயை நிறுத்துவது எப்படி? இவ்வாறு, எல்லோரிலும் குறைவாக நீர் பெறுவோர் கணக்கிலேயே சேராது போகின்றனர்.

நாம் கூறுவதற்கு மறுப்பும் உண்டு. எல்லோருக்கும் தேவைக்கேற்ப என்று பேசுவது எளிது; மருத்துவமனையையும் விடுதியையும் தொழிற்சாலையையும் எந்தத் தராசில் நிறுப்பது என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. மருத்துவமனையைப் பற்றி ஐயமில்லை. உல்லாச விடுதியின் நீரை நிறுத்தினால் அங்கே பாத்திரம் கழுவும் பெண்ணின் கூலியும் நிற்கிறது என்பதை நாமும் அறிவோம். ஆகவே விடுதிகளைப் பூட்டிவிடுக என்று நாம் கூறவில்லை. குடிக்கவும் சமைக்கவும் உடலைத் தூய்மையாக வைத்திருக்கவும் வேண்டிய நீர் ஊரிலுள்ள கடைசி ஆளுக்கும் சேர்ந்த பின்னரே, மற்றத் தேவைகளுக்கிடையே போட்டி தொடங்கலாம் என்கிறோம். அந்த முதற்படியை எட்டாத ஊரில் நீச்சற் குளத்தைப் பற்றிய விவாதத்துக்கே இடமில்லை.

எவருக்கு என்பது முதல் வினா. எப்போது என்பது இரண்டாவது. நீர்த்தேக்கம் என்பது இனி வரும் மாதங்களுக்காகச் சேமிக்கப்பட்ட நீர். இன்று செலவழித்தால் நாளைக்கு இல்லை. மழை வரும் என்று நம்பிக் கடைசிவரை திறந்துவிடுவது மக்களுக்கு இனிக்கும். ஆட்சியாளருக்கும் நன்மதிப்பைத் தரும். முன்கூட்டியே சிறிது சிறிதாகக் குறைப்பது எல்லோருக்கும் கசக்கும். எனவே தேர்தலை நோக்கும் கண்கள் நீர்மட்டத்தை நோக்குவதில்லை. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே சென்னையின் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய முற்றாக வரண்டன. ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 25 இலட்சம் லீற்றர் நீரைச் சுமந்துகொண்டு புகைவண்டி வந்தது. புகைவண்டிக்கு வரவேற்பு நிகழ்ந்தது. அதற்கு முந்திய மாதங்களில், நீர் இறங்கிக்கொண்டிருந்தபோதே எல்லோருக்கும் அளவு குறைத்திருந்தால் எவ்வளவு துன்பம் தவிர்ந்திருக்கும் என்னும் கேள்வி அந்த ஆரவாரத்தில் அமுங்கிப்போயிற்று. பணம் உள்ளவர் லொறித் தண்ணீரை வாங்கினர். இல்லாதவர் குடங்களை வரிசையில் வைத்தனர்.

தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரம் 2018ஆம் ஆண்டில் வேறு வழியை நாடியது. பெப்ரவரி முதல் நாளிலிருந்து ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்று விதித்து, அணைகளின் நீர்மட்டத்தை மக்கள் யாவரும் அறியச் செய்தது. நகரின் குழாய்களை முற்றாக மூட நேரும் என்று அஞ்சிய நாள் வராமலே போயிற்று. இது பெருமைப்படத்தக்கதே. ஆனால் அந்நகரத்துச் சேரிகளில் வாழ்ந்த கறுப்பின மக்கள் அதற்கு முன்னரும் பொதுக்குழாயில் வரிசை நின்று அதனினும் குறைந்த நீரிலேயே வாழ்ந்து வந்தார்கள். பிறருக்கு நெருக்கடியாக வந்தது அவர்களுக்கு அன்றாட வாழ்வாயிருந்தது. நெருக்கடி என்னும் சொல்லை நாம் எப்போது உச்சரிக்கத் தொடங்குகிறோம் என்பதும் வர்க்கத்தைப் பொறுத்ததே.

ஓர் ஊருக்குள் நிகழும் இப்பங்கீடு ஆறு முழுவதற்கும் விரியும்போது சிக்கல் பெருகுகிறது. கட்டுகஸ்தோட்டைக்குக் கீழே பொல்கொல்லையில் 1976ஆம் ஆண்டு முதல் மகாவலி மறிக்கப்பட்டு, நீரின் ஒரு பகுதி சுரங்கவழியாக உக்குவெலை மின்னிலையத்துக்கும், அங்கிருந்து வடக்கே வரண்ட பிரதேசத்து வயல்களுக்கும் திருப்பப்படுகிறது. திருப்பாது விட்ட நீர் விக்டோரியாவிலும் ரந்தெனிகலையிலும் ரந்தம்பையிலும் மின்சாரமாகிறது. மழை குறைந்த ஆண்டில் பொல்கொல்லையில் நிற்கும் ஒவ்வொரு கன அடி நீரும் ஒரு தராசில் ஏறுகிறது: ஒரு தட்டில் வடக்கின் நெல், மறு தட்டில் நாட்டின் விளக்கு. 2023ஆம் ஆண்டு வரட்சியில் இதே வழக்கு வேறோர் ஆற்றில் வெடித்தது. சமனலவெவையின் நீரை மின்சாரத்துக்காக வைத்திருப்பதா, உடவளவைக் கமக்காரரின் கருகும் பயிருக்கு விடுவதா என்று அமைச்சர்களே முரண்பட்டனர். கமக்காரர் தெருவில் இறங்கிப் போராடிய பின்னரே நீர் விடப்பட்டது. வரட்சி வருமுன்பே எழுதப்பட்டு, எல்லோரும் அறிந்த முறை ஒன்று இருந்திருப்பின் இப்போராட்டத்துக்கு அவசியம் என்ன?

மகாவலியின் கடைமடையில் நிகழ்ந்த ஒன்றையும் மறைக்காது கூறுவது கடமை. 2006ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே, திருகோணமலை மாவட்டத்தின் மாவிலாற்று மதகை விடுதலைப் புலிகள் மூடினர். ஆயிரக்கணக்கான கமக்காரக் குடும்பங்களின் வயல்களுக்கு நீர் நின்றது. அதைத் தொடர்ந்த போர் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாம் அறிவோம். எந்தக் கோரிக்கை எத்துணை நியாயமானதாயினும், உழுது உண்பவனின் நீரை அடைப்பதனால் அது நியாயம் பெறாது. அடைத்தவர் எம்மொழி பேசுபவர் என்பதால் இவ்விதி தளர்ந்துவிடுமாயின், அது விதியே ஆகாது.

மூன்றாவது வினா, நீர் நஞ்சாகும்போது எழுவது: எதை எப்போது எவருக்குச் சொல்வது? 1991ஆம் ஆண்டிலே கொத்மலை நீர்த்தேக்கத்திலும் 1999ஆம் ஆண்டிலே கண்டி வாவியிலும் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சை அல்கா பெருகி நீர்ப்பரப்பைப் பச்சைப் படலமாக மூடியது. உரமும் கழிவும் தேங்கிய நீரிற் சேர்ந்து, வெயிலும் கூடும்போது இது தழைக்கிறது. இதன் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. எங்கள் வீடுகளில் நீரைப் பற்றி ஐயம் வந்தால் உடனே செய்வது கொதிக்கவைத்தல். கிருமியைக் கொல்ல அது போதும். ஆனால் இந்நஞ்சு கொதித்தலால் அழியாது; நீர் வற்ற வற்ற அது செறியவும் கூடும். 2014ஆம் ஆண்டு ஆகஸ்டிலே அமெரிக்காவின் தொலீடோ நகரத்துக் குடிநீரில் இந்நஞ்சு கண்டபோது, குடிக்க வேண்டாம், கொதிக்கவைத்தும் குடிக்க வேண்டாம் என்று ஏறக்குறைய ஐந்து இலட்சம் மக்களுக்கு உடனே அறிவிக்கப்பட்டது. மூன்று நாட்களுக்குப் பின்னர் தடை நீங்கியது. அதே ஆண்டு அதே நாட்டில் பிளின்ட் நகரத்தில் நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. செலவைக் குறைக்க நீரின் மூலத்தை மாற்றினார்கள். குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து நீரிற் கலந்தது. மக்கள் நிறம் மாறிய நீரைப் போத்தல்களில் ஏந்திக் காட்டியும், நீர் நல்லதே என்று ஓராண்டுக்கு மேலாக அதிகாரிகள் சாதித்தனர். பிளின்ட் நகரத்து மக்களிற் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், ஏழைகள்.

உண்மையைக் கூறினால் மக்கள் பீதியடைவர் என்பது அதிகாரத்தின் பழைய வாதம். முழுவதும் பொய்யான வாதம் என்று தள்ளவும் இயலாது. ஆராயாது எழுப்பும் அபாயக்குரல் இரண்டு முறை பொய்த்தால் மூன்றாம் முறை எவரும் செவிகொடார். ஆனால் இதற்கு மருந்து மௌனம் ஆகாது. தெரிந்தது இது, தெரியாதது இது, அடுத்த பரிசோதனை முடிவு இன்ன நாளில் வரும், அதுவரை செய்யத்தக்கது இது என்று கூறுவதே மருந்து. மௌனத்தில் விளைவது வதந்தி. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலே கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் மக்கள் பட்ட அலைக்கழிவு இதற்குச் சான்று. தீங்கு உண்டென்றும் இல்லையென்றும் முரண்பட்ட அறிக்கைகளுக்கிடையே, தம் வீட்டுக் கிணற்றையே நம்ப முடியாமல் அவர்கள் தவித்தனர். மின்னிலையத்தை நடத்திய நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தீர்ப்பளித்தது. தெற்கே வெலிவேரியவைச் சேர்ந்த ரத்துபஸ்வலையில் 2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள், தூய நீர் கேட்டு வீதிக்கு வந்த மக்கள்மீது இராணுவம் சுட்டது, மூவர் மாண்டனர். வடக்கின் தமிழரும் தெற்கின் சிங்களவரும் கேட்டது ஒன்றே: நாம் குடிக்கும் நீரில் என்ன இருக்கிறது?

கண்டியில் இவ்வினாவுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. எனினும் தமிழர் வாழும் தெருவுக்குள்ளும் தனிச் சிங்களத்தில் அறிவித்தல் வருவதை நாம் இன்றும் காண்கிறோம். வரிப்பணம் பற்றிய அறிவித்தலாயின் பொறுத்துக்கொள்ளலாம். அதற்குத் தண்டம் கட்டித் தப்பலாம். நீரைக் குடிக்காதீர் என்னும் அறிவித்தல் புரியாத மொழியில் வருமாயின், அதற்குரிய தண்டத்தைக் குழந்தையின் உடல் கட்ட வேண்டியிருக்கும்.

நீர் கெட்டது யாரால் என்று தேடும்போது விரல் எங்கே நீளுகிறது என்பதையும் கவனித்தல் வேண்டும். ஓடையின் தலையில் இருக்கும் லயத்தவர் மலசலகூடமின்றி நீரை அசுத்தமாக்குகின்றனர் என்பர். மலைச்சரிவில் மரக்கறி செய்பவன் அளவுக்கு மீறி உரமிடுகிறான் என்பர். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நூறாண்டுக்கு மேலாக உழைப்பைப் பெற்றுக்கொண்டு மலசலகூடம் கட்டிக்கொடாத முதலாளியையும், கடனுக்கு உரம் விற்று விளைவைக் குறைந்த விலைக்கு வாங்கும் வியாபாரியையும் அவ்விரல் சுட்டுவதில்லை. மேலிருப்பவன் கீழிருப்பவனுக்குத் தூய நீரை விடக் கடமைப்பட்டவன் என்பது உண்மையானால், அக்கடமையைச் செய்யும் ஆற்றலை அவனுக்கு அளிக்க எஞ்சிய சமுதாயமும் கடமைப்பட்டதே. லயங்களுக்கு மலசலகூடமும் குழாய்நீரும் அமைத்தல், பல இலட்சம் நகரத்தாரின் குடிநீரைக் காக்கும் முதல் வேலி. அதைத் தருமம் என்று பெயரிட்டு வழங்குவது உண்மையைத் திரிப்பதாகும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் நாம் கொள்ளத்தக்க நெறி ஒன்று புலனாகிறது. நீரை அடைக்கும் அதிகாரம் உடையவர், அந்த அடைப்பின் விளைவைத் தாமும் சுமக்க வேண்டும். இதை அதிகாரிகளின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிட முடியாது. ஏற்பாடுகளால் நிலைநாட்ட வேண்டும். பற்றாக்குறை வந்தால் எவருக்கு எந்த வரிசையில் நீர் என்பது வரட்சிக்கு முன்பே, மழைக்காலத்திலேயே தீர்மானிக்கப்பட்டு வெளியிடப்படல் வேண்டும். வயிறு நிரம்பியிருக்கும்போது செய்யும் பங்கீட்டிலேதான் நிதானம் இருக்கும். பங்கீடு மணி நேரத்தால் அமையாது ஆளுக்கு இத்தனை லீற்றர் என்று அமைய வேண்டும். மேட்டிலும் தோட்டத்திலும் அவ்வளவு சேர்ந்ததா என்று அளந்து பார்க்க வேண்டும். நீர்த்தேக்கத்தின் மட்டமும் நீர்ப் பரிசோதனையின் முடிவும் மும்மொழிகளிலும் வாரந்தோறும் பகிரங்கமாக வேண்டும். தீர்மானிக்கும் மன்றத்தில் பொறியியலாளரோடு கமக்காரர், தோட்டத் தொழிலாளர், துப்புரவுத் தொழிலாளர் ஆகியோரின் பிரதிநிதிகளும் அமர வேண்டும். அவர்களில் நீர் சுமக்கும் பெண்கள் இருந்தாக வேண்டும். நெருக்கடிக் காலத்தில் தனியார் கிணறும் தனியார் பவுசரும் பொதுக்கணக்குக்குள் வரவேண்டும். எல்லோருக்கும் ஒரே நீர் என்றாகிவிட்டால், அந்நீர் எவ்வளவு விரைவில் தூய்மையாகும் என்பதைக் காண்போம்.

ஆசிரியராகிய எமக்கும் மாணவருக்கும் இதில் என்ன பங்கு? ஆண்டுதோறும் மார்ச் 22ஆம் நாள் உலக நீர் தினம் என்று பாடசாலைகளில் சித்திரப் போட்டி நடத்துகிறோம். துளி நீரையும் வீணாக்காதே என்று பிள்ளைகள் வண்ணத்தில் எழுதுகின்றனர். பீலியில் ஒரு குடத்துக்காக அரை மணி காத்திருந்து வரும் சிறுமிக்கு இந்த உபதேசம் எதற்கு? சிக்கனத்தை அவளிடம் நாம்தான் கற்க வேண்டும். அவளுக்கு நாம் கற்பிக்க வேண்டியவை வேறு: அவள் வீட்டுப் பீலியின் நீர் எங்கே பிறந்து எங்கே போகிறது, அதை யார் அளக்கிறார், யார் பங்கிடுகிறார், அப்பங்கீட்டை எந்தச் சட்டத்தின்படி எந்த அலுவலகத்தில் எந்த மொழியில் கேட்கலாம் என்பன. ஓடையின் நீரைப் பரிசோதிக்க விஞ்ஞான ஆசிரியர் கற்பிக்கட்டும். நீர்ப்பட்டியலின் கணக்கைக் கணித ஆசிரியர் விளக்கட்டும். விண்ணப்பம் எழுத மொழி ஆசிரியர் பயிற்றட்டும். அம்மாணவியர் வளர்ந்து, நீர் பங்கிடும் மன்றத்தில் சென்று அமரும் நாளில், அடைக்கும் கையும் குடிக்கும் வாயும் ஒரே உடம்பில் சேரும். அதற்கான ஆயத்தம் வகுப்பறையில் இன்றே தொடங்கலாம். அடுத்த வரட்சி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.